துளசி பார்த்த கர்ப்போட்டம்

வானத்தைப் பார்க்க மாடிக்கு வருவதற்கு முன்னால் துளசி அக்கா பல் துலக்கி, முகம் கழுவி, நெற்றியில் பொட்டு வைத்துக்கொள்வாள். ஒருமுறை ஏன் என்று கேட்டேன்.

"முழுகாம இருக்கறவளப் பாக்கப் போறோம், தூங்குன மூஞ்சோடயா போவாங்க?" என்றாள்.

அவள் சொன்ன பிள்ளைத்தாய்ச்சி, மேகம்.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டை ஒட்டிய வீடு அவளுடையது. இரண்டு மொட்டைமாடிகளுக்கும் நடுவே முழங்கால் உயரச் சுவர்தான். சில வருடம் நாடு நாடாகக் கிடைத்த வேலையைச் செய்துகொண்டு சுற்றிவிட்டு நான் வீடு திரும்பியது சென்ற மார்கழியில். எந்த ஊர் நேரத்தில் தூங்குவது என்று உடம்புக்கு அப்போது புரிபடவில்லை. விடிவதற்கு முன்னால் எழுந்து மாடியில் நடந்துகொண்டிருப்பேன். அந்த நேரத்தில்தான் அவளும் வருவாள். சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, கிழக்கே பார்த்தபடி, சூரியன் ஒரு ஆள் உயரம் ஏறும்வரை அசையாமல் நிற்பாள்.

துளசி பிறந்தது தாமல். பெரிய ஏரி உள்ள ஊர். மார்கழியில் சூரியன் பூராட நட்சத்திரத்தில் நிற்கும் ஏறக்குறைய இரண்டு வாரத்துக்குக் கர்ப்போட்டம் என்று பெயர். அடுத்த வருடத்து மழைக்கு மேகம் அப்போதுதான் கருக்கொள்கிறது என்பது கணக்கு. தாமலில் ஒரு நாளை அரை மாதத்துக்கு வைப்பார்கள். முதல் நாள் வானம் எப்படியோ, வரும் ஆடியின் முன்பாதி அப்படி. இரண்டாம் நாள் எப்படியோ, பின்பாதி அப்படி. இப்படியே தை வரைக்கும் போகும். மூட்டமும் இலேசான தூறலும் இருந்தால் கரு தங்கிவிட்டது; அந்தப் பாதியில் நல்ல மழை. பளிச்சென்று வெயில் அடித்தால் ஒன்றுமில்லை. கொட்டித் தீர்த்துவிட்டால் கரு கலைந்துபோயிற்று. ஏரிக்கரையில் நின்று ஊரே பார்க்கும். ஏரி நிறையுமா என்பதுதான் அங்கே கேள்வி.

நெசவுக்காரர் வீட்டுக்கு மருமகளாக வந்த துளசிக்குக் கேள்வி தலைகீழாக மாறியது. இங்கே மழை வந்தால் தறிக்குழியில் தண்ணீர் ஊறும்.

அவள் வீட்டுத் தறி குழித்தறி. தரையில் பள்ளம் வெட்டி, அதற்குள் காலை விட்டு மிதித்து நெய்வது. பட்டு இழைகளை நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருக்கும் பாவு தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில்தான் ஓடும். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு கார்த்திகையில் தெருக்கோடிக் கால்வாய் அடைத்துக்கொண்டு, மழைத் தண்ணீர் வாசற்படி தாண்டி உள்ளே வந்தது. குழி நிரம்பிப் பாவு நனைந்தது. பாதி நெய்த முகூர்த்தச் சேலையில் ஜரிகை கறுத்தது. இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, தொட்டால் அறுந்தன. அவள் கணவர் வேல்முருகன் அந்தப் பாவைக் கத்தரித்து எடுத்தபோது, பக்கத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றது துளசி. அன்றைக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லையாம். "இன்னொரு தடவ என் தறியில தண்ணி ஏற விடமாட்டேன்" என்று மட்டும் சொன்னாளாம். வேல்முருகன் அதை இன்றைக்கும் சிரிக்காமல் சொல்லுவார்.

நான் விவரம் தெரியாமல், கைப்பேசியில் வானிலை பார்த்தால் போதாதா என்று கேட்டுவிட்டேன்.

"அது எத்தினி நாளைக்கு முன்னாடி சொல்லும், அனு?"

"ஒரு வாரம், பத்து நாள்."

"பாவு ஏத்துனா நெய்ஞ்சி முடிக்க ரெண்டு மாசத்துக்கு மேல ஆவுது. நடுவுல வந்து மழ வருதுன்னு சொன்னா, பாவ மடிச்சிப் பொட்டியில வெச்சிக்கவா முடியும்? ஏத்தறதுக்கு முன்னாடி தெரியணும் எனக்கு."

"அப்படின்னா பஞ்சாங்கம்? சித்திரை ஒண்ணாம் தேதி கோயில்ல வாசிக்கிறாங்களே, இந்த வருஷம் இவ்வளவு மழைன்னு?"

"அது நாட்டுக்கே சேத்து ஒரே மழ போட்டிருக்கும். என் தறிக்குழிக்கு எவ்ளோன்னு எந்தப் பஞ்சாங்கத்துல கீது?"

அதனால் அவளே பார்த்தாள். முதல் சில நாள் காற்று பலமாக வீசியது, வானம் வெளுப்பாகத்தான் இருந்தது. பிறகு வந்த நாள்களில் தெற்கே தாழ்வாக ஒரு சாம்பல் நிறத் திரை எழுந்தது. சூரியன் அதற்குள்ளிருந்து செப்புத் தட்டு போல மங்கலாக வந்தான். ஐப்பசிக்கு உரிய இரண்டு நாளும் அந்தத் திரை மிகவும் கனமாக இருந்தது. துளசி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"கெட்டியா புடிச்சிக்கிச்சி பாரு. ரெட்டப் புள்ள."

சித்திரை பிறந்ததும் தெருவில் வீடு வீடாகச் சொன்னாள். ஐப்பசி முழுவதும் கொட்டப்போகிறது, புரட்டாசிக் கடைசியில் கையில் இருக்கிற பாவை முடித்துவிடுங்கள், புதுசு ஏற்றாதீர்கள். எதிர்வீட்டு மஹாலட்சுமி வாசலில், குறுக்கே ஓடும் ஊடைக்கு நூல் சுற்றிக்கொண்டே கேட்டாள்:

"மேகத்துக்கு எத்தினியாவது மாசம்டி? மாங்கா கீங்கா கேட்டுதா?"

"சிரி. தண்ணி ஏறும்போது பாத்திரத்த எடுத்துக்கினு என் வூட்டுக்குத்தான் வருவ."

தெரு சிரித்தது. ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் துளசி செய்து காட்டினாள். புரட்டாசியில் கடைசிச் சேலையை அறுத்த பிறகு, கூலிக்கு நெய்யக் கொடுக்கும் பட்டு முதலாளி அனுப்பிய புதுப் பாவை உறி மாதிரி உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டாள். தறி காலியாக நின்றது. வேல்முருகன் வீட்டுக்கும் டீக்கடைக்குமாக நடந்தார்.

ஐப்பசி பிறந்தது. வெயில் சுட்டது. தெருவில் எல்லா வீட்டிலும் தறி ஓடியது. நடுவில் ஒரு வீடு மட்டும் ஊமையாக இருந்தது. முன்பல் விழுந்த வாய் போல அந்த இடைவெளி காதுக்குக் கேட்கும்.

"இன்னா துளசி, ரெட்டப் புள்ளைக்கு இடுப்புவலி இன்னும் எடுக்கலியா?" என்று மஹாலட்சுமி தினமும் கேட்டாள்.

வேல்முருகன் சத்தம் போடுகிறவர் இல்லை. ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது சொன்னார்: "தீபாவளி கழிச்சிப் பாவு ஏத்தறேன். தைக் கல்யாணத்துக்குச் சேல குடுக்கணும். இதுக்கு மேல முதலாளி மூஞ்சில முழிக்க முடியாது."

"ஏத்து" என்றாள் துளசி.

தீபாவளி முடிந்த இரண்டாம் நாள் காலையில் அவள் மாடிக்கு வந்தாள். மார்கழி இல்லை, பார்க்க ஒன்றுமில்லை, ஆனாலும் வந்தாள். தூரத்தில் ஏகாம்பரநாதர் கோபுரம் கழுவித் துடைத்தது போல நின்றது. பொம்மைகளின் கை கால் கூடத் தெரிந்தது. அவள் தெற்கே திரும்பி நெடுநேரம் பார்த்தாள்.

"அனு, இன்னிக்கி ஏன் இவ்ளோ தெளிவா கீது?"

"தீபாவளி லீவுக்கா. சாயப்பட்டறைங்க ஒண்ணும் திறக்கல."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை எனக்கு அப்போது விளங்கவில்லை. மறுநாள் நான் வருவதற்கு முன்னாலேயே மாடியில் இருந்தாள். தெருவின் தென்கோடியில் மாணிக்கவேலின் சாயப்பட்டறை. பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றப் பெரிய பெரிய அண்டாக்களில் தண்ணீர் கொதிக்க வேண்டும். விறகு அடுப்பை விடிவதற்கு முன்னாலேயே மூட்டிவிடுவார்கள். அன்றைக்கு மூட்டினார்கள். பட்டறைக் கூரைக்கு மேலே சாம்பல் நிறத் திரை ஒன்று மெதுவாக எழுந்தது. பனியோடு கலந்து தாழ்வாகப் பரவிற்று. சூரியன் அதற்குள்ளிருந்து செப்புத் தட்டு போல மங்கலாக வந்தான்.

துளசி சுவரில் உட்கார்ந்துவிட்டாள்.

ஏரிக்கரையில் கற்ற கண்ணுக்கு மேகம் தெரியும், பனி தெரியும். சாயப்பட்டறைப் புகை தெரியாது. தாமலில் விடியற்காலை வானத்தில் தாழ்வாக ஒன்று தொங்கினால் அது மேகமாகத்தான் இருக்க முடியும்.

ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் விரலை மடக்கிக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள்.

"நடுவுல அமாவாச வந்துச்சி இல்ல? அந்த மார்கழி அமாவாச. அன்னிக்கித் தறியும் கெடையாது, பட்டறையும் கெடையாது." அமாவாசையன்று நெசவுத் தெருக்களில் வேலை செய்யமாட்டார்கள். "அன்னிக்கித் தூறுச்சி, அனு. தெருவுல ஒரு சத்தம் இல்ல. உங்க வூட்டுத் தகரத்து மேல பட்டுப் பட்டுனு வுழுந்துது. நீகூட இருந்த."

இருந்தேன். எனக்கும் அந்தச் சத்தம் ஞாபகம் வந்தது.

"அது பின் கார்த்திகையோட நாளு. ஐப்பசிக்கு நான் பாத்தது பொக. முன் கார்த்திகைக்குப் பாத்ததும் பொகதான். அந்த ஒரு நாளு மட்டுந்தான் நெசமான வானம்." எழுந்து சேலையை உதறிக்கொண்டாள். "பின் கார்த்திகைல வருது."

கீழே வேல்முருகன் புதுப் பாவைப் பிணைத்துக்கொண்டிருந்தார். பழைய பாவின் நுனிகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்கும் வேலை. துளசி அதைத் தடுக்கவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். அவர் இழையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"திரும்பியும் ஊர்ல போயிச் சொல்லப் போறியா?"

"சொல்லணுமில்ல?"

"ஒரு தடவ சிரிச்சது பத்தாதா உனக்கு?"

"சிரிச்சா பல்லுதான தெரியும். தண்ணி வந்தா பாவு போவுமே."

இந்த முறை அவள் சொன்ன விதம் வேறு. முதலில் போனது சாயப்பட்டறைக்கு. நானும் கூடப் போனேன். மாணிக்கவேல் இடுப்பில் துண்டோடு, முழங்கை வரை அரக்குச் சிவப்பாக நின்றுகொண்டிருந்தார். துளசி எதையும் மறைக்காமல் சொன்னாள்: "அண்ணே, உன் பொகையப் பாத்து மேகம்னு நெனச்சிட்டேன். ஐப்பசி மழ நாஞ்சொன்னது தப்பு."

அவருக்கு விளங்க ஒரு கணம் ஆயிற்று. அப்புறம் பட்டறையே அதிர்ந்தது.

"டேய், கேட்டீங்களாடா! நம்ம அடுப்புப் பொகைக்குத் தங்கச்சி வளைகாப்பு பண்ணியிருக்குது!"

அவர் சிரித்து முடிக்கும்வரை துளசி காத்திருந்தாள்.

"சிரிச்சாச்சா? இப்ப நான் கேக்கறதக் கேளு. மழ வருமா வராதான்னு என்ன நம்ப வேணாம். உன் அடுப்புச் சாம்பல எங்க கொட்டற?"

அவர் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. எல்லோருக்கும் தெரியும். பட்டறைக்குப் பின்னால், கால்வாயில். மூன்று வருடத்துக்கு முன்னால் தெருவுக்குள் தண்ணீர் திரும்பியதும் அதே இடத்தில்தான். சாம்பலும் சாயக் கசடும் சேர்ந்து இறுகி, கால்வாயில் பாதி உயரத்துக்குச் சிமெண்டு மாதிரி படிந்து கிடந்தது.

"எல்லாருந்தாம்மா குப்ப கொட்றாங்க. என் ஒருத்தன் சாம்பலா அடச்சிது?"

"மத்தவங்கள அப்புறம் கேக்கறேன். மொதல்ல உன்னுது."

"ஆள் வெச்சித் தூர்வாரச் சொல்றியா? பட்டறைல வேல தலைக்கு மேல கீது. பொங்கல் கழிச்சிப் பாக்கலாம், போ."

துளசி போனாள். அன்றைக்கே சாயங்காலம் ஒரு மண்வெட்டியும் கூடையும் எடுத்துக்கொண்டு கால்வாயில் இறங்கினாள். தோண்டிய சாம்பலைத் தூரத்தில் கொண்டுபோய்ப் போடவில்லை. மாணிக்கவேல் பட்டறை வாசலில், கதவுக்கு நேரே கொட்டினாள். மறுநாளும் கொட்டினாள். வேல்முருகன் தறியிலிருந்து இறங்கி வந்து ஒரு கூடையை வாங்கிக்கொண்டார். நான் கால்வாயில் இறங்கியபோது என் அம்மா மாடியிலிருந்து, "இதுக்குத்தான் உலகத்தச் சுத்திட்டு வந்தியா?" என்று கத்தினாள். கசடு முழங்கால் வரை வந்தது. நாற்றத்தை எழுத முடியாது.

வாசலில் குவியல் உயர்ந்துகொண்டே போனது. நனைந்த நூல் கற்றைகளைக் கழியில் போட்டு இரண்டு பேர் தோளில் சுமந்து வெளியே கொண்டுவர வேண்டும். அந்தக் குவியலைச் சுற்றி வந்ததில் ஒரு நாள் கற்றை சாம்பலில் விழுந்தது. மாம்பழ மஞ்சள் நிறம். மாணிக்கவேல் வெளியே வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி, இது உனக்கே நல்லா கீதா?"

"உன் சாம்பலு, உன் வாசலு. நல்லாத்தான் கீது."

"எவ்ளோ நாளைக்கி இப்டிக் கொட்டுவ?"

"கால்வா அடி தெரியிற வரைக்கும்."

அவர் பட்டறைக்குள் பார்த்து ஒரு குரல் கொடுத்தார். ஆட்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். அப்புறம் தெருவில் மற்றவர்களும் வந்தார்கள். மழையை நம்பி வந்தவர்கள் ஒருவரும் இல்லை என்று என்னால் சொல்ல முடியும். பாதிப் பேர் வேடிக்கை பார்க்க வந்தார்கள். துளசி அவர்கள் கையிலும் கூடையைத் திணித்துவிட்டாள். மஹாலட்சுமி மூக்கில் முந்தானையைக் கட்டிக்கொண்டு, "பிரசவம் பாக்கறதுன்னா நாத்தம் இருக்கத்தான் செய்யும்" என்றபடி இறங்கினாள்.

கார்த்திகை பிறந்து ஒரு வாரம் போயிருக்கும். துளசி சொன்ன பின்பாதிக்கு இன்னும் நாள் இருந்தது. தெருக்கோடியில் கடைசிக் கொஞ்சம் தூர் பாக்கி. காலையில் வேலை தொடங்கும்போதே வடகிழக்கில் வானம் இருண்டது. இது புகை இல்லை என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. முதல் துளிகள் புளியங்கொட்டை அளவுக்கு விழுந்தன.

"ஏறி வா துளசி, வந்துடுச்சி!" என்று வேல்முருகன் கரையில் நின்று கூப்பிட்டார்.

"இன்னும் ரெண்டு கூடை கீதுய்யா. நீ போயிப் பாவ மூடு!"

அவள் ஏறவில்லை. மாணிக்கவேலும் அவளும் எதிரெதிரே நின்று மிச்சக் கசடை வெட்டினார்கள். மழை இருவர் மேலும் கொட்டியது. மாணிக்கவேல் கையிலிருந்த சிவப்பு கரைந்து மண்வெட்டிப் பிடியில் ஓடியது. கடைசிக் கட்டி பெயர்ந்ததும், பின்னால் தேங்கி நின்ற கறுப்புத் தண்ணீர் உறுமிக்கொண்டு போயிற்று. இரண்டு பேரும் கைகளை ஊன்றிக் கரையேறினார்கள்.

மழை அன்றும் விடவில்லை, அடுத்த நாளும் விடவில்லை. தெருவில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் ஓடியது. ஓடியது என்பதுதான் விஷயம், நிற்கவில்லை. துளசி வீட்டு வாசற்படியை நக்கிப் பார்த்துவிட்டு இறங்கிப் போயிற்று. தறிக்குழியில் மட்டும் கீழிருந்து ஊற்று கண் திறந்தது. அவளும் வேல்முருகனும் மாற்றி மாற்றிச் சொம்பால் மொண்டு வாளியில் ஊற்றினார்கள். குழிக்கு மேலே, பழைய போர்வையும் பாலித்தீனும் போர்த்திய பாவு காய்ந்தபடியே கிடந்தது. மழை விட்ட பிறகு வேல்முருகன் போர்வையை நீக்கி, புறங்கையால் இழைகளைத் தடவிப் பார்த்தார். துளசி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காஞ்சிதான் கீது" என்றார்.

அவள் தறிக்கட்டையில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். மூன்று வருடத்துக்கு முன்னால் விடாத கண்ணீர் அப்போதுதான் வந்தது. கொஞ்ச நேரம்தான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வாளியை எடுத்தாள். குழியில் இன்னும் தண்ணீர் இருந்தது.

தெருவின் பேச்சு ஒரே நாளில் மாறியது. மாணிக்கவேல்தான் பெரிய பிரசாரகர். டீக்கடையில் அடித்துச் சொன்னார்: "தங்கச்சி சொன்னபடியே பெய்ஞ்சிதா இல்லியா? வானத்தோட பேசுது அது!" துளசி பால் வாங்க வந்தவள், அங்கேயே நின்று மறுத்தாள்.

"சும்மா அளக்காதண்ணே. நாஞ்சொன்னது பின் கார்த்திகை. வந்தது முன் கார்த்திகை. தப்புன்னா தப்புதான்."

"கொஞ்சம் முன்னபின்ன. புள்ளத்தாச்சி கணக்கு அப்டித்தாம்மா."

"கால்வாய வாராம இருந்திருந்தா இந்தக் கொஞ்சத்துலயே பாவு போயிருக்கும். முன் கார்த்திகைக்கு உண்டான நாளு உன் பொகையில போச்சி. அது எனக்குத் தெரிஞ்சிருந்தா சரியா சொல்லியிருப்பேன்." பாலை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள். "மார்கழி வருது. பூராட நாள் முழுக்க உன் அடுப்ப சூரியன் ஏறின பிற்பாடு மூட்டு."

"இன்னாது? தெனமும் ரெண்டு மணி நேரம் பட்டறை சும்மா கெடக்கறதா? என் பொழப்பு?"

"என் தறி ஐப்பசில சும்மா கெடந்துதே, உன் பொகைய நம்பி."

டீக்கடையில் யாரோ சிரித்தார்கள். மாணிக்கவேல் கண்ணாடித் தம்ளரைக் கீழே வைத்தார். முடியவே முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது மார்கழி. இன்றைக்குச் சூரியன் பூராடத்துக்கு வந்திருக்கிறது. விடியுமுன் நான் மாடிக்கு வந்தபோது துளசி பொட்டு வைத்துக்கொண்டு தயாராக நின்றாள். கீழே தறியில் இரண்டாவது சேலை ஓடுகிறது. முதல் சேலை முதலாளி வீட்டுக்குப் போயாகிவிட்டது. அவள் கிழக்கே பார்க்கவில்லை. தெற்கே, பட்டறைக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சேவல் கூவியது. கூரைக்கு மேலே ஒன்றும் எழவில்லை. பட்டறை வாசலில் மாணிக்கவேல் சால்வையைப் போர்த்திக்கொண்டு, மூட்டாத அடுப்புக்குக் காவல் போல உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அங்கிருந்தபடியே கத்தினார்:

"பாத்துச் சொல்லும்மா சீக்கிரம்! குளுருது!"

துளசி சுவரில் கையை ஊன்றிக்கொண்டு கிழக்கே திரும்பினாள்.